கல் பதிக்காத மோதிரம்

கேள்வி: எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்துக்குக் கல் வைத்த மோதிரம் போடுவதுதான் வழக்கம். வெளிநாட்டிலுள்ள என் மகன் போய்வந்த ஒரு யூதத் திருமணத்தில், வசதியான குடும்பமாக இருந்தும், மணமகன் வெறும் பொன் வளையத்தைப் பெண்ணின் ஆள்காட்டி விரலில் போட்டாராம். காரணம் என்ன?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சிக்கனம் அல்ல, சட்டம். மதிப்புள்ள ஒரு பொருளை மணமகன் சாட்சிகள் முன்னிலையில் கொடுக்க, பெண் மனமொப்பி ஏற்பதைத் திருமணம் உறுதிப்படும் வழிகளுள் ஒன்றாக, ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா சொல்கிறது. இதில் யூதச் சட்ட ஆசான்களின் இரு மரபுகள் வேறுபட்டன. அந்தப் பொருள் தினார் என்னும் வெள்ளிக் காசு ஒன்றின் மதிப்பாவது பெற வேண்டும் என்றனர் ஷம்மாய் மரபினர். பெருத்தா என்னும் மிகச் சிறிய செம்புக் காசின் மதிப்பே போதும் என்றனர் ஹில்லேல் மரபினர். பின்னவர் கருத்தே நிலைத்தது. மோதிரம் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் காசின் இடத்துக்கு வந்தது.

கல் வைத்தால் சிக்கல் வருகிறது. ரத வீதி அடகுக் கடையில் கல் மோதிரத்தை நீட்டினால் கல்லின் எடையைக் கழித்துவிட்டே பொன்னுக்கு மதிப்புப் போடுவார்கள். கல்லின் விலையை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லலாம். விலையுயர்ந்தது என்று நம்பிப் பெண் சம்மதித்து, பிறகு அது சாதாரணக் கல் என்று தெரியவந்தால், அந்தச் சம்மதம் செல்லுமா என்ற ஐயம் எழும். ஆகவே கல்லில்லாத மோதிரமே தகும் என்று 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த 'ரப்பேனு தாம்' என்ற யூதச் சட்ட அறிஞர் வலியுறுத்தினார். மோதிரம் மணமகனுக்கே சொந்தமாகவும் இருக்க வேண்டும். தாயின் மோதிரத்தைப் போடுவதென்றால், தாய் அதை முதலில் மகனுக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் இரவல் நகையோடு நடந்த கல்யாணங்களை நினைத்தால், இந்த விதியின் கறார் புரியும்.

"மோசேயின், இஸ்ரவேலின் சட்டப்படி, இந்த மோதிரத்தால் நீ எனக்கென்று புனிதமாக்கப்பட்டாய்" என்று எபிரேயத்தில் சொல்லி, வலக்கை ஆள்காட்டி விரலில் அணிவிப்பார்கள். சாட்சிகளின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக அந்த விரல் என்பது பரவலான விளக்கம். சடங்கு முடிந்ததும் வேறு விரலுக்கு மாற்றிக்கொள்வதுண்டு.

எளிய வளையம் மட்டுமே இருந்ததாக எண்ண வேண்டாம். ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் 1998-இல் கிடைத்த 14-ஆம் நூற்றாண்டுப் புதையலில், உச்சியில் சிறு கட்டடம் போன்ற அமைப்பும் 'மசல் தோவ்' என்ற வாழ்த்தும் கொண்ட பொன் மோதிரம் ஒன்று உள்ளது; அன்றாடம் அணிவதற்கன்றி, சடங்குக்கென்றே செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. நமக்கு அருகே கொச்சியில் வாழ்ந்த யூதர்களின் திருமணத்திலோ, மோதிரத்தோடு மலையாள நாட்டு வழக்கப்படி தாலியும் இடம்பெற்றது.