பாறையாகாத பழ ஐஸ்: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரூட் காக்டெய்ல்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மே மாதம் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் லீவுக்கு வந்துவிடுவார்கள். போன வருஷம் தர்பூசணி, வாழைப்பழம், அன்னாசி எல்லாம் நறுக்கி, பாலும் கொஞ்சம் சீனியும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் கரண்டி இறங்கவில்லை. இளகின பிறகு பார்த்தால் வாழைப்பழம் கறுத்திருந்தது, பால் கசந்திருந்தது. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடிவிட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கரண்டும் போய்ப் போய் வரும். இந்த வருஷமாவது சரியாகச் செய்ய வேண்டும். நுங்கு சேர்க்கலாமா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு, அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கலாமா?"

அம்மா, நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. மூன்றையும் சுலபமாகச் சரிசெய்யலாம்.

முதலில் பாறை. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை உறைய வைத்தால் ஐஸ்கட்டிதான் கிடைக்கும். இனிப்பு கரைந்திருக்கும் சாறு அப்படி முழுக்க உறைந்துவிடாது. அதிலிருந்து தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஐஸாகப் பிரியும். மிச்சமிருக்கும் பாகு கெட்டியாகிக்கொண்டே போய், அந்த ஐஸ் துகள்களுக்கு நடுவில் உறையாமல் நிற்கும். கரண்டியை உள்ளே விடுவது அந்தப் பாகுதான். நூறு கிராம் சாறில் 25 முதல் 28 கிராம் இனிப்பு இருந்தால் கரண்டி இறங்கும். 15க்குக் கீழே போனால் சுத்தியல் வேண்டும். 35ஐத் தாண்டினால், வீட்டு ஃப்ரீசரில் அது கடைசிவரை சொதசொதவென்றுதான் இருக்கும். நீங்கள் சீனி போட்டது தப்பில்லை, அளவு போதவில்லை. இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். உறைய வைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கும்போது 'கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும். அதுதான் பதம்.

காக்டெய்ல் என்றதும் மது என்று நினைத்து வீட்டில் யாராவது முகம் சுளித்தால், பழக்கலவைக்கும் அந்தப் பெயர் உண்டென்று சொல்லுங்கள். அமெரிக்காவில் டின்னில் வரும் ஃப்ரூட் காக்டெய்லில் எந்தப் பழம் எத்தனை பங்கு என்று அரசு விதியே இருக்கிறது. பீச் 30 முதல் 50 சதவீதம், பேரிக்காய் 25 முதல் 45, அன்னாசி 6 முதல் 16, திராட்சை 6 முதல் 20, செர்ரி 2 முதல் 6. அந்த ஊர்ப் பழம் நமக்கு வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டும். சதைப்பற்றான பழம் பாதிக்கு மேல், புளிப்புப் பழம் கொஞ்சம், நிறத்துக்கு ஒரு கைப்பிடி. தண்ணீர்ப் பழம் ஒன்றுகூட அதில் இல்லை, பாருங்கள். நமக்கு மே மாதத்தில் சதைக்கு மாம்பழம் இருக்கிறது, புளிப்புக்கு அன்னாசி, நிறத்துக்கு மாதுளை. தர்பூசணியை அப்படியே நறுக்கிச் சாப்பிட்டுவிடுங்கள், அதுதான் அதற்கு அழகு.

அடுத்தது கசப்பு. வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதி இருக்கிறது, புரோமிலைன் என்று பெயர். பாலில் சேர்ந்தால் பால்புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி சாகாது. இளகும்போது விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். கொதித்தால்தான் அடங்கும். அதனால் அன்னாசித் துண்டுகளைப் பாகிலேயே ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். பாலை இந்தக் கலவையில் சேர்க்கவே வேண்டாம். எலுமிச்சை வேறு விடப்போகிறோம், திரிந்துவிடும்.

வாழைப்பழம் கறுப்பதும் ஒரு நொதியால்தான். நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் தொடங்கிவிடும். புளிப்பு அதை மட்டுப்படுத்தும். எனவே நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருக்காமல், எலுமிச்சை விட்ட பாகுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நேராக அதற்குள் நறுக்குங்கள். ரசகதலி, கோழிக்கூடு எல்லாம் கையில் சாப்பிட அருமையானவை, உறைந்து இளகினால் குழைந்துபோகும். களக்காட்டுப் பக்கத்து ஏத்தன் (நேந்திரம்பழம்) கிடைத்தால் அதை எடுங்கள். தோல் மஞ்சளாகி, சதை இன்னும் இறுக்கமாக இருக்கும் பழமாகப் பார்த்து ஒன்றே ஒன்று போதும்.

இனி அளவு. எட்டுப் பேருக்குச் சொல்கிறேன். சீனி 150 கிராம், தண்ணீர் 150 மில்லி கொதிக்க வைத்து, தோல் சீவிய அன்னாசித் துண்டு 250 கிராமை அதில் போடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறியபின் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு (புளியங்குடிப் பழமானால் வாசனையே தனி), 300 மில்லி சாத்துக்குடிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சாத்துக்குடியை மிக்சியில் அடிக்காதீர்கள். வெள்ளைத் தோலும் விதையும் நசுங்கினால், பிழிந்தபோது இனித்த சாறு ஒருமணி நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். கையால் பிழிந்து வடிகட்டினால் அந்தத் தொல்லை குறையும். அப்புறம் மாம்பழத் துண்டு அரைக்கிலோ, நான்காகக் கீறிய விதையில்லாத திராட்சை 200 கிராம், மாதுளை முத்து 100 கிராம், அந்த ஒரு ஏத்தன். மாம்பழம் நாரில்லாததாக இருக்கட்டும், பங்கனப்பள்ளி ஆகலாம். நார் உள்ள நாட்டுப் பழமென்றால் துண்டாகப் போடாமல் சாறாகப் பிழிந்துகொள்ளுங்கள். உறைந்த நார் பல்லில் மாட்டும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கலந்ததும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். மூடி, கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். பாகின் இனிப்பு பழத்துண்டுக்குள் இறங்க அந்த நேரம் வேண்டும். இறங்கினால்தான் சாறோடு சேர்ந்து துண்டும் மிருதுவாக இருக்கும். இல்லையென்றால் சாறு பஞ்சாகவும் துண்டு கூழாங்கல்லாகவும் இருக்கும். கலவை முன்கூட்டியே குளிர்ந்துவிடுவதால் சின்ன ஃப்ரீசருக்கும் பாரம் குறையும்.

பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றாமல், ஃப்ரீசருக்குள் நுழையும் அளவுள்ள எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் துகள் பொடியாக இருக்கும். மெதுவாக உறைந்தால் துகள் பெரிதாக வளர்ந்து பழத்தின் திசுவைக் கிழித்துவிடும், இளகும்போது பழம் தொளதொளத்துப் போவது அதனால்தான். தட்டின் அடியைச் சற்று ஈரமாக்கி ஃப்ரீசரின் தரையோடு ஒட்டி வையுங்கள். குளிர் திருகை முந்தின ராத்திரியே அதிகபட்சத்துக்கு வைத்துவிடுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எடுத்து, முள்கரண்டியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுரண்டிக் கிளறுங்கள். மூன்று தடவை போதும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐந்தாறு மணி நேரமாகும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுங்கள். நம்மூர் மே மாத வெயிலில் அதற்குமேல் தேவைப்படாது. கண்ணாடி பாட்டிலில் மட்டும் நிரப்பி உறைய வைக்காதீர்கள். தண்ணீர் ஐஸாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும், பாட்டில் வெடிக்கும். ஃப்ரீசரில் மீன் வைக்கிற வீடானால் தட்டை இறுக மூடுங்கள், அந்த வாடையைப் பழம் உடனே வாங்கிக்கொள்ளும்.

பதனி கிடைக்கிற நாளில் செய்வதானால் சீனியே வேண்டாம் என்பேன். இந்தக் கலவையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நல்ல பதனியில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இனிப்பு இயற்கையாகவே இருக்கிறது. ஒன்றேகால் லிட்டர் வாங்கி, அடி கனத்த பாத்திரத்தில் காய்ச்சிப் பாதியாக வற்றவிட்டால் அது இருபது, இருபத்துநான்குக்கு வந்துவிடும். நமக்கு வேண்டிய பதத்துக்குப் பக்கத்தில் தானாகவே வந்து நிற்கிறது, பாருங்கள். கூப்பனி, அதாவது பதனியைக் காய்ச்சிய கெட்டிப் பாகு, அந்த அளவுக்குப் போக வேண்டாம், அதற்கு வெகுமுன்பே இறக்க வேண்டும். புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அதில் கலந்திருக்கும். ஆறவிட்டுத் தெளியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிறகு எலுமிச்சை பிழிந்தால் மிச்சமுள்ள காரல் தணிந்துவிடும். பாகு, சாத்துக்குடி இரண்டுக்கும் பதில் இந்த வற்றிய பதனி 600 மில்லி. அன்னாசியை அதிலேயே கடைசி ஐந்து நிமிஷம் வேகவிடுங்கள். மாம்பழமும் பதனியும் சேர்ந்து உறைந்த ருசியை உங்கள் பேரப்பிள்ளைகள் சென்னையில் எந்தக் கடையிலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நுங்கைக் கேட்டீர்கள். தயவுசெய்து அதை உறைய வைக்காதீர்கள். நுங்கு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து நிற்கும் ஒரு மெல்லிய சதை. உறைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். இளகினதும் தண்ணீர் தனியாக வடிந்து, சவசவவென்று ஒரு சக்கை மிஞ்சும். இளநீர் வழுக்கையும் அப்படித்தான். நுங்கைத் தோலுரித்து நறுக்கி, கீழ்த்தட்டில் குளிரவைத்து, பரிமாறும்போது டம்ளரின் அடியில் இரண்டு கரண்டி போட்டு அதன்மேல் பழ ஐஸை வையுங்கள். ஊறவைத்த சப்ஜா விதையும் அப்படிக் கடைசியில் சேர்க்க வேண்டியதே.

கரண்ட் இல்லாத நாளுக்கும் வழி உண்டு, அதற்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு சேர்த்தால் குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே தாராளமாக இறங்கும். பக்கத்தில் தூத்துக்குடி உப்பளம் இருக்க, உப்புக்கு என்ன பஞ்சம்? கலவையை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் முக்கால்வாசி உயரத்துக்கு மட்டும் ஊற்றி இறுக மூடுங்கள். பெரிய வாளியில் உடைத்த ஐஸையும் உப்பையும் ஒன்று மாற்றி ஒன்று அடுக்கி, தூக்குவாளியை நடுவில் புதைத்து, வெளியே ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். இனி பிள்ளைகளைக் கூப்பிட்டு, தூக்குவாளியின் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி உள்ளே தள்ளுங்கள். துடைக்காமல் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும், அத்தனையும் வீண். முப்பது நாற்பது நிமிஷத்தில் கெட்டிப்படும். இப்படிக் கிளறிக்கொண்டே உறைவதால் ஃப்ரீசரில் வைத்ததைவிட இதுவே மிருதுவாக வரும். உப்பு ஐஸில் யாரும் வெறுங்கையை விடக்கூடாது, தோல் புண்ணாகிவிடும். வெளிவாளிக்கு மீன் கடைக்கு வருகிற பாளம் ஐஸ் போதும். ஆனால் அதிலிருந்து ஒரு துண்டுகூட டம்ளருக்குள் போகக்கூடாது. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும். கத்தி, பலகை, கை, கொதித்து ஆறிய தண்ணீர் எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். வந்தபிறகு பார்க்கும்போது ஐஸ் துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறையட்டும். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போய், இந்த வெயிலில் ஒருமணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஐந்து வயதுக்குள் பேரப்பிள்ளை இருந்தால், திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறச் சொன்னதை மறக்காதீர்கள். முழுசாக உறைந்த திராட்சை தொண்டைக்குள் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கலவையைக் கிண்ணம் நிறையக் கொடுக்க வேண்டாம். பதனியில் செய்தது, கருப்பட்டியில் செய்தது, தேனில் செய்தது என்றால் ஆகும் என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் சர்க்கரை ஏறித் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். அவருக்கென்று ஒரு டம்ளரில் குளிர்ந்த நுங்கு, கொஞ்சம் கொய்யாத் துண்டு, எலுமிச்சை, உப்பு, புதினா இலை இரண்டு. மேலே பிள்ளைகளின் தட்டிலிருந்து ஒரே ஒரு தேக்கரண்டி. அதையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கில் வைத்து, அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் மாம்பழம் குறையும், ரம்புத்தானும் மங்குஸ்தானும் வந்து இறங்கும். அப்போது இதே அளவில் மாம்பழத்தைப் பாதியாக்கி, கொட்டை எடுத்த ரம்புத்தான் சுளையைச் சேர்க்கலாம். அந்தச் சதை உறைந்தாலும் கடிக்கப் பதமாக இருக்கும். மங்குஸ்தானை மட்டும் நுங்கைப் போல் கடைசியில் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.