ஓடும்போது வியர்வையில் எந்தச் சத்து அதிகம் போகிறது? இளநீர் குடித்தால் சரியாகிவிடுமா?

அதிகம் போவது உப்புதான், அதாவது சோடியமும் குளோரைடும். இளநீர் மட்டும் போதாது.

சென்னையில் ஓடுகிறவன் நான். கறுப்பு பனியன் போட்டு ஓடிவிட்டு அப்படியே கொடியில் போட்டால், காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் அரை கிராமும் இருக்கலாம், ஒன்றரை கிராமும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். பொட்டாசியம் கால் கிராம் இருந்தாலே அதிகம். கால்சியம், மக்னீசியமெல்லாம் சொற்பம். இளநீரில் கணக்கு தலைகீழ்: பொட்டாசியம் ஏராளம், சோடியம் அதைவிடக் குறைவு. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே குடிப்பவன்தான். போன உப்பை அது ஈடுகட்டாது, அவ்வளவுதான்.

உப்பை மறந்து தண்ணீரை மட்டும் குடித்து நான் பட்ட பாடு தனி. முதன்முதலாக 21 கிலோமீட்டர் ஓடிய அன்று, தாகம் இருக்கிறதோ இல்லையோ, கண்ட இடத்திலெல்லாம் வெறும் தண்ணீர். வீட்டுக்கு வந்தால் தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. எடை பார்த்தேன், ஓடப் போகும்போது இருந்ததைவிட 600 கிராம் கூடியிருந்தது! இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு இதே குறைபாடு இருந்திருக்கிறது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் எடை மெஷின்தான் எனக்கு வாத்தியார். போன ஞாயிறு கிளம்பும்போது 68.4 கிலோ, திரும்பியதும் 67.2. வழியில் குடித்தது அரை லிட்டர். ஆக வியர்வை சுமார் 1.7 லிட்டர்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டம் என்றால் தாகத்துக்குத் தண்ணீர் போதும். மிச்சத்தைக் காலைச் சாப்பாட்டில் சாம்பாரும் சட்னியும் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் வழியிலேயே ஓஆர்எஸ் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். லிட்டர் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு. பிபி, சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. வெயில் பழகப் பழக, வியர்வைச் சுரப்பி சோடியத்தை உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். ஏப்ரலில் பனியனில் பூக்கிற உப்பு ஜூனில் அவ்வளவு பூப்பதில்லை.