வஞ்சிரத்தின் நிழல் - ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருக்கிறேன். இரண்டு வருஷமாக டேப்லெட்டில் விநோதமான படங்கள் செய்கிறேன். ஒன்றை இணைத்திருக்கிறேன், மெரினா கலங்கரை விளக்கத்தை உரசியபடி ஒரு வஞ்சிர மீன் மிதக்கிறது. வீட்டில் "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்கிறார்கள். நண்பர்கள் "ஏஐயே செய்யுமே" என்கிறார்கள். எந்த மென்பொருள் நல்லது? இன்னும் விநோதமாக வரைவது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மென்பொருள் எதுவானாலும் சரி. அர்த்தம் கேட்பவர்களுக்கு ஒரு டீ போட்டுக் கொடு, போதும். ஏஐ பற்றி எனக்கும் புலம்பல் உண்டு, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகவே நிழலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், உன் படம் வந்து சேர்ந்தது, அதனால்தான் இந்தப் பதில்.

கலங்கரை விளக்கம் காலையில் எடுத்த போட்டோ. கடல் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. மீனுக்கோ ஊர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம். அதாவது உன் படத்தில் கடலிலும் விடிகிறது, மயிலாப்பூரிலும் விடிகிறது! இதை விநோதம் என்று நினைத்தாயா? இது கவனக்குறைவு, தம்பி.

ராயப்பேட்டையில் எங்கள் சந்து முனையில் ஒரு கட்அவுட் பட்டறை இருந்தது. பிளைவுட்டில் துண்டு துண்டாக வரைந்து, தியேட்டர் வாசலில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதாநாயகனின் ஒற்றைக் கண் மட்டும் என் உயரத்துக்குச் சுவரில் சாய்ந்திருக்கும். பக்கத்து வீட்டு ஆயா அந்தப் புருவத்தின் மேல் ஈரப் பாவாடையைக் காயப்போட்டுவிட்டுப் போகும். அதைவிட விநோதமான படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, அதை யாரும் யோசித்துச் செய்யவும் இல்லை.

ஒருநாள் மூக்கை ஒரு பையனும் தாடையை இன்னொருவனும் வரைந்திருந்தார்கள். தரையில் சேர்த்துவைத்துப் பார்த்தால் நிழல் ஆளுக்கொரு பக்கம். மாஸ்டர் பீடியைத் துப்பிவிட்டு, "மூக்குக்கு ஒரு சூரியன், தாடைக்கு ஒரு சூரியனாடா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தாடையை அழித்து வரைந்தார்கள். உன் லேயர்களும், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களும், அந்தப் பையன்கள் மாதிரிதான். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், பெரிய வசதிதான், ஆனால் மீன் ஒன்றில், வானம் ஒன்றில் என்று கிடந்தால் ஒன்று மற்றதன் முகத்தையே பார்ப்பதில்லை.

பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1938-இல் வரைந்த ஒரு படத்தில், வீட்டுக் கணப்படுப்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு ரயில் எஞ்சின் அந்தரத்தில் நிற்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் புகை ஒழுங்காகப் புகைபோக்கிக்குள் போகிறது, நிழல் கீழே விழுகிறது. அதனால்தான் நம் வயிற்றில் ஏதோ செய்கிறது. உன் மீன் கடல் பக்கம்தானே மிதக்கிறது? அப்படியென்றால் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளின் மேல் அதன் நிழல் வளைந்து விழவேண்டாமா? மீன் சுவரைத் தொடும் இடத்தில் ஓரம் கூர்மையாக, வால் விலகிப்போகும் இடத்தில் மங்கலாக? ஓர் எலுமிச்சம்பழத்தை ஜன்னலோரம் வைத்து ஒரு வாரம் வரைந்துவிட்டு வா. "கனவில் வந்தது" என்று படத்தின் அடியில் எழுதுவதையும் நிறுத்து. கனவில் எல்லாருக்கும்தான் வருகிறது.

கோபித்துக்கொள்ளாதே. மீனின் கண் அபாரமாக வந்திருக்கிறது, பிழைத்துக்கிடக்கிறதா செத்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வஞ்சிரத்துக்கு எங்கேயப்பா இவ்வளவு பெரிய செதில்? அதன் தோல் வழவழவென்று அல்லவா இருக்கும்! பெரம்பூரிலிருந்து காசிமேடு எவ்வளவு தூரம்? விடியற்காலையில் போய் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்.