கணக்குக் கேட்க விசாரணைக் குழு எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். ஒரு தமிழ் அமைப்பில் பதினொரு வருடமாக ஆயுள் உறுப்பினர். அமைப்பு சங்கமாகவும் அறநிறுவனமாகவும் பதிவானது. போன வருடம் அலுவலகத்தைப் புதுப்பித்தோம் என்று 38,000 வெள்ளி (டாலர்) செலவு காட்டினார்கள். வேலை எடுத்த காண்ட்ராக்டர் துணைத்தலைவரின் மைத்துனர் என்று பேச்சு. பொதுக்கூட்டத்தில் கணக்கைத் திரையில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் குழுவில் "திருட்டுக் கூட்டம்" என்று எழுதிவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார்கள். பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்துக்கு அமைத்ததுபோல விசாரணைக் குழு அமைக்கச் சொல்லி அமைச்சருக்கு எழுதலாமா?

பதில்: அமைச்சருக்கு எழுதுவது இருக்கட்டும் ஐயா. முதலில் அந்த வாட்ஸ்அப் வரியை அழித்துவிடுங்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள்தான், ஆனாலும் அழியுங்கள். நோட்டீஸ் உண்மையிலேயே வந்தால் நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்காவது போய் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரை விமானத்தில் முதல் வகுப்பில் பறக்கிறார் என்று 1990களில் வாய்விட்டுச் சொன்னவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. மன்னிப்பும் கேட்டார்கள், பணமும் கட்டினார்கள். 2005 ஜூலையில் அதே துரை, முதல் வகுப்பில் பறந்தது உண்மைதான் என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர்கள் கையில் காகிதம் இல்லை.

அந்த 2005 வழக்கும் அவரே போட்டதுதான். அலுவலகக் குளியலறைக்குப் பொன்முலாம் பூசிய குழாய் கேட்டார் என்று ஒரு பிளம்பர் சொன்னதை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் 2004இல் எழுதியிருந்தது. அதற்காக நீதிமன்றம் போனார். அங்கே வருடச் சம்பளம் 600,000 வெள்ளி என்பது வெளியே வந்தது. இரண்டாம் நாளே வழக்கைக் கைவிட்டார், அதே வாரம் பதவியும் போனது. பிறகு கேபிஎம்ஜி கணக்காய்வாளர்கள் தோண்டியெடுத்த அறிக்கை 442 பக்கம். இவ்வளவும் நடந்து, 2007இல் அவருக்கு மூன்று மாதச் சிறை வாங்கிக்கொடுத்தது எது தெரியுமா? பொய்யாக எழுதப்பட்ட ஒரே ஒரு 20,000 வெள்ளி பில். குழாயும் அல்ல, சம்பளமும் அல்ல.

ஆகவே உங்கள் 38,000 வெள்ளியிலும் நான் தேடுவது பில்லைத்தான்.

ஒரு காலத்தில் ஒரு சங்கத்துக்குச் சம்பளம் வாங்காத கணக்காய்வாளராக இருந்தேன். "இதர செலவு" என்றொரு தலைப்பில் பெரிய தொகை. கோப்பைக் கேட்டதும் தேநீரும் வடையும் வந்தன, கோப்பு வரவில்லை. மூன்றாம் தடவை கேட்ட பிறகு வந்தது. உள்ளே ஒரே கடையின் ரசீதுகள், மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதத்துக்கு மூன்று. ரசீது எண்கள் 412, 413, 414. இடையில் அந்தக் கடைக்கு வேறு வாடிக்கையாளரே வரவில்லை போலும்! ஒரு வார்த்தை கத்தவில்லை. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையவாசலில் உங்கள் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தார்களா என்று பாருங்கள். கணக்கு கிடைத்தால் முதல் பக்கத்து லாப நட்டத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளைப் படியுங்கள். நிர்வாகிகளோடும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தாரோடும் நடந்த கொடுக்கல் வாங்கல் அங்கே வெளிப்படையாக இருக்க வேண்டும். மைத்துனர் என்பது பேச்சா உண்மையா என்று நீங்கள் துப்பறிய வேண்டாம். குறிப்பில் இல்லையென்றால் கடிதத்தில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும்.

கணக்கைச் சரிபார்த்தது யார் என்பதும் முக்கியம். வருட வரவோ செலவோ 500,000 வெள்ளியைத் தாண்டினால் பதிவுபெற்ற பொதுக் கணக்காய்வாளர்தான் தணிக்கை செய்ய வேண்டும். சிறிய அமைப்புகளில் பொருளாளரின் நண்பரே கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி. பொருளாளர் எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார் என்றும் எண்ணிப் பாருங்கள். அறநிறுவன நிர்வாக நெறிமுறை ஒருவரைத் தொடர்ந்து நான்கு வருடத்துக்கு மேல் அந்தப் பொறுப்பில் வைக்கக் கூடாது என்கிறது.

தணிக்கை நடந்துவிட்டது என்று சொன்னாலும் அதோடு திருப்தியடைய வேண்டாம். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தலைமை அர்ச்சகர் வருடக்கணக்கில் அம்மன் நகைகளை அடகு வைத்துக்கொண்டே இருந்தார். தணிக்கை நாள் நெருங்கும்போது மீட்டுவந்து பெட்டியில் வைத்துவிடுவார். 2020இல்தான் பிடிபட்டார். நகைகளின் மதிப்பு 20 லட்சம் வெள்ளிக்கு மேல், 2023இல் ஆறு வருடச் சிறை. நாள் குறித்துச் சொல்லிவிட்டு வரும் தணிக்கைக்கு அவ்வளவுதான் மரியாதை.

கடிதம் செயலாளருக்குப் போகட்டும். குற்றச்சாட்டு ஒன்றுகூட வேண்டாம், கேள்வி மட்டும். எத்தனை பேரிடம் விலைப்புள்ளி வாங்கினீர்கள்? எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள், அதன் கூட்டக் குறிப்பு எங்கே? முடிவெடுத்தபோது துணைத்தலைவர் உறவைச் சொல்லி, வாக்களிக்காமல் ஒதுங்கினாரா? பில்லும் பணம் கொடுத்த காசோலை விவரமும் எங்கே? தொலைந்துவிட்டது என்ற பதில் செல்லாது. அறநிறுவனம் கணக்குப் பதிவுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பதில் வராவிட்டால் அமைப்பின் சட்டவிதியை எடுங்கள். பல சங்கங்களில் உறுப்பினர்களில் கால்வாசிப் பேரோ முப்பது பேரோ, எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். உங்கள் விதியில் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், பாருங்கள். முப்பது கையெழுத்து கிடைக்கவில்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான். சங்கப் பதிவகத்துக்கு ஓடாதீர்கள், உட்பூசலில் அது தலையிடாது.

அதற்கும் அசையாவிட்டால் அறநிறுவன ஆணையர். கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் கீழ் இயங்கும் இந்த அலுவலகத்துக்கு நம் ஆட்கள் நினைப்பதைவிட அதிகாரம் அதிகம். ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், நிர்வாகிகளை இடைநீக்கம் செய்யலாம். சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் நிர்வாகக் கோளாறு விஷயத்தில் 2018இல் அறிக்கை வெளியிட்டதும், பொறுப்பில் இருந்தவர்களை இடைநீக்கம் செய்ததும் இந்த ஆணையர்தான். அமைச்சர் யாரும் விசாரணைக் குழு அமைக்கவில்லை.

மைத்துனர் துணைத்தலைவருக்குக் கமிஷன் கொடுத்தார் என்பதற்கு ஏதாவது ஆதாரம் கிடைத்தால் மட்டும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு, 1800-376-0000. தனியார் அமைப்புகளில் நடக்கும் லஞ்சமும் அவர்கள் எல்லைக்குள் வருகிறது. தகவல் கொடுத்தவர் யார் என்பதை ஊழல் தடுப்புச் சட்டம் காக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, தண்டனையும் உண்டு.

சிங்ஹெல்த் பற்றிக் கேட்டீர்கள். 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடுபோனதால் 2018இல் ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அந்தக் குழு அமைந்தது. 2011 டிசம்பரில் ரயில் இரண்டு தடவை நின்றபோதும் ஒரு குழு. நாடே பாதிக்கப்பட்ட விஷயங்கள் அவை. அப்போதும் குழுவின் வேலை என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கண்டறிவதுதான். சிங்ஹெல்த்துக்கு 250,000, அதன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி அபராதம் போட்டது குழு அல்ல, தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம். குழு கேட்டிருந்தாலும் உங்கள் கையில் கடைசியில் மிஞ்சப்போவது ஓர் அறிக்கை.

அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. தீர்மானம் கொண்டுவர எத்தனை நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதியில் பார்த்துவிட்டு, கடிதத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட வேண்டாம்.