மகள் எரிபொருட் கலம் படிக்கப் போறாவாம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதி முடித்துவிட்டா, ஐதரசனிலிருந்து மின் எடுக்கும் எரிபொருட் கலத்தில் நீர் கூடாமலும் குறையாமலும் பார்க்கும் நீர் முகாமைத் துறைக்குத்தான் போவேன் என்று நிற்கிறா, "கலத்துக்குள்ள தண்ணி பாக்கிறதும் ஒரு உத்தியோகமோ" என்று வீட்டில் கேட்கினம் என எழுதியிருக்கிறீர்கள். உத்தியோகம்தான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பட்டத்தைத் தேடி அலையவேண்டாம். அகலமான ஒரு பட்டத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து இந்தப் பக்கம் திரும்புவதே சரியான வழி. அதற்கு முன்னர் மகள் எதில் இறங்க நினைக்கிறா என்பதை நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள்.

அவ சொல்வது புரோத்தன் பரிமாற்ற மென்சவ்வுக் கலம். மென்சவ்வின் ஒரு பக்க மின்வாய் அனோட்டு, மறுபக்க மின்வாய் கதோட்டு. ஐதரசன் அனோட்டில் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரியும். இலத்திரன் வெளிச்சுற்றால் போகும், அதுதான் நமக்கு மின். புரோத்தன் மென்சவ்வுக்குள்ளால் கதோட்டுக்குப் போய் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகும். மென்சவ்வில் சல்போனிக் அமிலக் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நீர் இருந்தால்தான் புரோத்தன் நகரும். ஒரு கூட்டத்துக்கு எத்தனை நீர் மூலக்கூறு என்பதை லம்டா என்று குறிப்பார்கள். நஃபியோன் என்ற வகை மென்சவ்வு அறை வெப்பநிலையில் நிரம்பிய நீராவியில் இருந்தால் அது ஏறத்தாழ 14, திரவ நீரில் ஊறினால் 22. இரண்டு மூன்றுக்கு இறங்கினால் கடத்துதிறன் படுத்துவிடும். நகரும் ஒவ்வொரு புரோத்தனும் கூடவே நீரையும் கதோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அனோட்டுப் பக்கம் காயும், கதோட்டுப் பக்கம் நனையும். அங்கே சேர்ந்த நீரில் ஒரு பகுதி பரவல் மூலம் திரும்பி வரும். மென்சவ்வு மெல்லியதாக இருந்தால் இந்தத் திரும்பல் இலகு.

காய்ந்தால் தடை ஏறும், மென்சவ்வு சுருங்கி வெடிக்கும், ஊசித் துளை விழுந்தால் ஐதரசன் மறுபக்கம் கசியும். நீர் கூடினால், இதை வெள்ளம் என்பார்கள், வாயுவைப் பரப்பும் காபன் தாளின் நுண்துளைகளும் வாயு போகும் கால்வாய்களும் அடைபட்டு, ஒட்சிசன் பிளாற்றினம் ஊக்கியைச் சென்றடையாது. அதற்காகத்தான் அந்தத் தாளுக்கு நீர் ஒட்டாத தெப்லோன் பூசுகிறார்கள். இரண்டு பிழைக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே: வோல்ற்றளவு விழும். எந்தப் பிழை என்று பிரித்தறிபவருக்குத்தான் சம்பளம்.

பிரிப்பது இப்படி. காய்தலில் வோல்ற்றளவு மெதுவாக, ஒரே சீராக இறங்கும். ஏறத்தாழ 1 கிலோஹேட்ஸ் ஆடலோட்டம் கொடுத்து அளக்கும் உயர் அதிர்வெண் தடை அதே நேரம் ஏறும். வெள்ளத்தில் அந்தத் தடை அசையாது, வோல்ற்றளவு மட்டும் துள்ளித் துள்ளி விழும். கதோட்டின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் கூடும். காற்றோட்டத்தைச் சில செக்கன் கூட்டினால் துளிகள் தள்ளுப்பட்டு வோல்ற்றளவு திரும்ப எழும். காய்ந்த கலத்துக்கு இதே வைத்தியத்தைச் செய்தால் இன்னும் காய்ந்துவிடும்.

மகளுக்கு உண்மையிலேயே இதில் பிடிப்பு உண்டா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறோம். உயர்தர இரசாயனவியல் போதும். 100 கலம் அடுக்கிய தொகுதி, ஓட்டம் 100 அம்பியர், ஒரு கலத்துக்கு 0.65 வோல்ற்று, ஆக 6.5 கிலோவாற்று. பரடேயின் மாறிலியை வைத்துப் பார்த்தால் ஒரு கலம் ஒரு அம்பியருக்கு மணித்தியாலத்தில் 0.336 கிராம் நீர் உண்டாக்கும். முழுத் தொகுதிக்கும் 3.36 கிலோ, ஏறக்குறைய மூன்றரை லீற்றர். இனிக் காற்று. தேவையான ஒட்சிசனைப் போல் இரண்டு மடங்கு கிடைக்கும் அளவுக்கு, வளிமண்டல அழுத்தத்தில் ஊதுகிறோம். யாழ்ப்பாணக் காற்று 30 பாகையில் 80 வீத சாரீரப்பதனோடு இருக்கிறது என்று வையுங்கள். நீராவி அழுத்தம் 3.4 கிலோபஸ்கால். அதே காற்று 70 பாகைக் கலத்துக்குள் போனவுடன் சாரீரப்பதன் 11 வீதம், ஏனென்றால் அந்த வெப்பநிலையில் நிரம்பல் அழுத்தம் 31 கிலோபஸ்கால். வேர்த்து ஊத்துகிற நம்முடைய காற்றே கலத்துக்குள் பாலைவனக் காற்று! வெளியேறும்போது, உண்டான நீரையும் சேர்த்து, 70 வீதம் வரை ஏறியிருக்கும். இப்போது கலத்தை 60 பாகைக்கு இறக்கிக் கணக்கை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். வெளிவாயிலில் 100 வீதத்தைத் தாண்டும், அதாவது திரவ நீர் கட்டும். பத்துப் பாகைக்குள் காய்தலும் வெள்ளமும். இந்த எண்களை அவ தானாக வருவித்து, "அப்ப அழுத்தத்தைக் கூட்டினால்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டால், அவவைத் தடுக்காதீர்கள்.

கையால் செய்து பார்க்கச் சிறிய பயிற்சிக் கலம் வாங்கிக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: கிணற்று நீரை அதற்குள் விடக்கூடாது. நம்முடைய சுண்ணக்கல் நிலத்து நீரில் கல்சியம் நிறைய. கல்சியம் அயன் சல்போனிக் கூட்டத்தில் புரோத்தனின் இடத்தைப் பிடித்தால் இலேசில் போகாது, கடத்துதிறன் குறைந்தே இருக்கும். காய்ச்சினாலும் எல்லா அயனும் போகாது. வடித்த நீர் அல்லது அயன் நீக்கிய நீர் மட்டுமே. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றிலும் கவனம் வேண்டும், சோடியமும் அதே வேலையைச் செய்யும், குளோரைட்டு பிளாற்றினத்தைக் கெடுக்கும். நீரைப் பிரித்து ஐதரசன் உண்டாக்குவதென்றால் காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, விளக்கு எதுவும் கிட்ட இல்லாமல்.

படிப்புக்கு வருவோம். நேர் வழி இரசாயனப் பொறியியல், மொறட்டுவையிலும் பேராதனையிலும் உண்டு. மொறட்டுவையில் பதார்த்த விஞ்ஞானப் பொறியியலும் பொருந்தும். அங்கெல்லாம் துறை முதலிலேயே கிடைப்பதில்லை, கம்பஸ் போனபின் எழுதும் பரீட்சைப் பெறுபேற்றை வைத்தே பிரிப்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிடைத்தால் மின், இலத்திரனியல் எடுத்துக் கட்டுப்பாட்டுப் பக்கத்தால் உள்ளே வரலாம், ஊதியும் ஈரப்பதனாக்கியும் அவர்கள் கையில்தான். பொறியியல் கிடைக்காவிட்டால் கலங்கவேண்டாம். திருநெல்வேலியில் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலோ இரசாயனவியலோ சிறப்புப் பட்டமாகச் செய்தால், மின்னிரசாயனத்துக்குப் போகும் கதவு திறந்தே இருக்கும். எங்கே படித்தாலும் பைதன் என்ற கணினி மொழி கட்டாயம்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறோம்: இதை மட்டும் நம்பி இலங்கையில் முதல் வேலை தேடுவது கடினம். ஆனால் மென்சவ்வு, கடத்துதிறன் அளவி, அழுத்த உணரி ஆகிய மூன்றையும் கையாளத் தெரிந்தவருக்குத் தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களும் பொருத்தமானவைதான். வெளிநாடு என்றால், எரிபொருட் கலம் செய்யும் கனடாவின் பலார்ட் நிறுவனம் வன்கூவருக்கு அருகே பேர்ணபியில் இருக்கிறது. ரொறன்ரோவில் சித்தப்பா இருக்கிறார் என்பதற்காக அது பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், நாட்டின் மறுகரை. ஜேர்மனியில் யூலிச் ஆய்வு மையமும் பிறைபேர்க்கில் பிரவுண்கோபர் சூரியசக்தி நிறுவனமும் இந்தத் துறையில் இயங்குகின்றன. அங்கு அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. பிறைபேர்க் அந்த மாநிலத்தில்தான். வீசாவுக்கு முடக்கிய வங்கிக் கணக்கில் காட்டவேண்டிய தொகை 2024 செப்டெம்பரில் வருடத்துக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. இதெல்லாம் முதுமாணிக் கட்டத்துக் கதை. இப்போதே "ஐதரசன் பட்டம்" என்று முகவர் யாராவது வந்தால், பாடங்களின் பட்டியலையும் ஆய்வுகூடத்தில் எத்தனை மணித்தியாலம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் காசு கட்டாதீர்கள்.

கணக்கை இந்தக் கிழமை மகளிடம் கொடுங்கள். இசட் புள்ளி வந்ததும் அதையும், அவ விரும்பும் பாடநெறிகளை அவ விரும்பும் ஒழுங்கிலேயும் எழுதி அனுப்புங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போகுமுன் ஒழுங்கை மாற்றவேண்டுமா என்று பார்க்கலாம்.