ரோபோக் குரல் செய்யும் மகனும் உயர்தரப் பரீட்சையும்

அம்மா, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் போடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இதே தலையிடியோடு வேறு வீடுகளும் இருக்கின்றன. மகன் உயர்தரம் கணிதப் பிரிவு, அடுத்த வருடம் பரீட்சை. இரவில் ரியூஷன் முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தங்கச்சி பாடியதை எடுத்து ரோபோ பாடுகிற மாதிரி மாற்றி, அதற்கு டான்ஸ் பீட் போடுகிறார். இதுதான் தன் தொழில் என்கிறார். இப்போது விலை கூடிய மைக் ஒன்றும் கேட்கிறார். மறிப்பதா, விடுவதா?

மறிக்க வேண்டாம். மைக்கும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

பிள்ளை என்ன செய்கிறார் என்று தெரிந்தால்தான் அவரோடு இருந்து கதைக்கலாம். அந்த ரோபோக் குரலுக்குப் பின்னால் இருப்பது சுருதி திருத்தும் மென்பொருள். 1997இல் ‘ஓட்டோ-டியூன்’ என்ற பெயரில் முதன்முதலில் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட், நிலத்துக்குள் அதிர்வை அனுப்பித் திரும்பி வரும் அலைகளைக் கணித்து எண்ணெய் தேடும் துறையில் இருந்த பொறியியலாளர். அந்தச் சமிக்ஞைக் கணிதத்தைத்தான் குரலுக்குத் திருப்பினார். பாடகரின் பிழையை ஆருக்கும் தெரியாமல் திருத்துவதே நோக்கம். அடுத்த வருடமே பாடகி ஷேரின் ‘பிலீவ்’ பாட்டில் திருத்தும் வேகத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டார்கள் (இந்த எண் திருத்த எடுக்கும் நேரம், பூச்சியம் என்றால் அந்தக் கணமே திருத்திவிடும்). குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகாமல் வெட்டி வெட்டித் தாவியது. உலகம் முழுக்க டான்ஸ் பாட்டுகளில் கேட்கும் சத்தம் அங்கிருந்துதான் பரவியது. அந்தப் பாட்டைச் செய்தவர்கள் தொழில் இரகசியத்தைக் காக்க, இது வொக்கோடர் என்று முதலில் சொல்லிச் சமாளித்தார்கள். வொக்கோடர் வேறு சாமான். அதில் கீபோர்ட்டின் ஒலியைக் குரல் பேச வைக்கும்.

உள்ளே நடப்பதை ஒரு கணக்கோடு சொல்கிறேன், மகனிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ச முதல் மேல் ச வரை, 12 சுரத்தானங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறக்குறைய 1.0595 மடங்கு அதிர்வெண் கூடியது. அவர் படிக்கிற பெருக்கல் விருத்திதான். ‘ஏ’ என்ற சுரம் 440 ஹேர்ட்ஸ், அடுத்தது 466. தங்கச்சி 455இல் பாடிவிட்டார் என்று வையுங்கள். 12 சுரங்களையும் திறந்துவிட்டால் மென்பொருள் கிட்ட இருக்கிற 466க்குத் தூக்கிவிடும். பாட்டு ‘ஏ மைனர்’ (12இல் ஏழு சுரம் மட்டும் வரும் ஒரு ஸ்கேல், சுரப் பட்டியல்) என்று சொல்லிக் கொடுத்தால் அந்த 466 பட்டியலிலேயே இல்லை, குரல் 440க்கு வந்து நிற்கும். ஒரே குரல், ஒரே பிழை, இரண்டு முடிவு. ஸ்கேலைப் பிழையாகப் போட்டவருடைய பாட்டு ரோபோ மாதிரி இருக்காது, அபசுரமாகத்தான் இருக்கும். இதை மகன் தானாகவே விளங்கப்படுத்தினால் அவர் விளையாடவில்லை, வேலை பழகுகிறார் என்று எடுக்கலாம். “ஏதோ ஒரு பட்டனை அமத்தினேன்” என்றால் இன்னும் பொழுதுபோக்குத்தான்.

இன்னொன்றும் கேளுங்கள்: எக்கோவும் ரிவேர்பும் (எதிரொலியும் மண்டப முழக்கமும்) போடுவது சுருதி திருத்த முந்தியா, பிந்தியா? பிந்தித்தான். ஒரு நேரத்தில் ஒரு குரல் தனியாகக் கேட்டால்தான் மென்பொருளுக்குச் சுருதி பிடிபடும். மின்விசிறி இரைச்சலும் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியும் பதிவுக்குள் வந்தாலும் இதே கரைச்சல்தான். (நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கத்து வீடுகளில் குரல் பதிவை மறந்துவிடலாம்.)

சரி, இதில் பிழைக்கலாமா? ரோபோக் குரலை மட்டும் வைத்து ஏலாது. வேகத்தைப் பூச்சியத்தில் வைக்க எந்தப் பெடியனுக்கும் ஐந்து நிமிடம் போதும். அதற்கு ஆரும் காசு தரப்போவதில்லை. கோயிலுக்குப் பக்திப் பாடல் இறுவெட்டு வெளியிடுகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளையின் பாட்டைப் பதிவு செய்து அனுப்புகிற உறவுகள், இவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “சுருதி விலகினது தெரியாமல் செய்து தாங்கோ.” அது கஷ்டமான வேலை. தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது மென்பொருள் அந்தக் கமகத்தையும் பிழை என்று நினைத்துப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடும். எது அசைவு, எது பிழை என்று காதால் பிரித்து, வேகத்தை இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும். சங்கீதம் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தங்கச்சி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் பாடும் கீர்த்தனை ஒன்றைப் பதிவு செய்து, சுருதியைத் திருத்தி, சங்கீத ரீச்சருக்குப் போட்டுக் காட்டட்டும். எங்கே கை வைத்தது என்று ரீச்சருக்குப் பிடிபடாவிட்டால் உங்கள் மகனுக்குக் காது இருக்கிறது. உடனே பிடித்துவிட்டாலும் குறைவில்லை, எதைப் பழக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதற்கு இப்போது காசு தேவையில்லை. ‘ரீப்பர்’ என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், சுருதி திருத்தும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஜீஸ்னாப்’, ‘எம்ஓட்டோபிட்ச்’ போன்ற சுருதி திருத்தும் கருவிகள் இலவசம். களவாக உடைத்த மென்பொருளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ரியூஷன் நோட்ஸ் இருக்கிற கணினியில் வைரஸ் வந்தால் இரண்டும் போகும்.

படிப்பைப் பற்றி உங்களை விட அவருக்குத்தான் நான் சொல்ல வேண்டும். தம்பி, நீர் கையில் வைத்திருக்கிற கருவியைச் செய்தவர் கணிதத்தால் வந்தவர். பௌதிகவியலில் அலைவுகளும் அலைகளும் அலகை ஒழுங்காகப் படியும், அது உம்முடைய பாடமேதான். இசட் புள்ளி கைகொடுத்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின், மின்னணுப் பக்கம் போகலாம். சமிக்ஞை முறைவழியாக்கம் அந்தத் துறையின் அடிப்படை. புள்ளி வராவிட்டால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் தரும் தொழில்நுட்பக் கற்கைகள் இருக்கின்றன. மட்டம் 4இல் தொடங்கி 5, 6 டிப்ளோமா வரை ஏறலாம். சனி பின்னேரம் மூன்று மணித்தியாலம் பாட்டுக்கு, மற்ற இரவுகளில் ஹெட்போன் அம்மாவிடம். பரீட்சை முடிந்த அடுத்த நாள் திருப்பி வாங்கலாம்.

அம்மா, அந்த மூன்று மணித்தியாலத்தில் நீங்களும் கை வைக்காதீர்கள். மைக் கதையைப் பரீட்சைக்குப் பிறகு எடுக்கலாம். அப்போதும் அறையின் எதிரொலியைக் குறைக்கத் தடித்த திரைச்சீலை போட்டுவிட்டு, நடுத்தர விலையில் ஒன்று பார்த்தால் போதும். அதற்குள் ஆராவது ‘சவுண்ட் எஞ்சினியரிங் டிப்ளோமா’ என்று நோட்டீஸ் தந்து பெரிய தொகை கேட்டால், காசு கட்ட முந்தி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் தந்தால் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். தராமல் இழுத்தடித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.