ஷூ மட்டும் தெரிந்தது – கடிதம்

அன்புள்ள சார்,

இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். தானியங்கி காரைச் சுற்றியுள்ள ஆறு கேமராக்களின் படங்களைச் சேர்த்து, மேலிருந்து பார்ப்பதுபோல ஒரே படமாக்குவது என் ப்ராஜெக்ட். பழைய ஜியோமெட்ரியெல்லாம் எதற்கு, படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும் என்கிறார் கைடு. அதைப் படிக்காமல் தாண்டிவிடலாமா? லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் இல்லாமல் கேமரா மட்டும் போதுமா? இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? மேலிருந்து பார்த்தால் எதுவும் மறையாது என்பதுதான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். அது தப்பு. நானும் சில வருஷம் ஆசையாக வைத்திருந்த தப்பு என்பதால் கோபம் வரவில்லை.

பல வருஷத்துக்கு முன் பார்க்கிங் கேமரா வேலை ஒன்றில் இருந்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் ஒவ்வொன்று என ரொம்ப அகலமாகப் பார்க்கும் நான்கு மீன்கண் கேமரா. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்புகளைத் தரையில் விரித்து, நாள் முழுக்க அளவெடுத்து, சாயங்காலம் படம் ஒட்டிக்கொண்டது. தரையின் வெள்ளைக்கோடு ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குப் பிசிறில்லாமல் ஓடியது. சந்தோஷத்தில் இறங்கிப்போய் காரின் முன்மூலையில் நின்று கையை ஆட்டினேன். உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கண்ணாடியை இறக்கி, "ஷூவைக் கழட்டி வெச்சிட்டு எங்க போனீங்க?" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வேறொருவரை அங்கே நிற்கவைத்தோம். திரையில் இரண்டு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். ஆளைக் காணோம்.

காரணம் எளிது. உலகம் முழுக்கத் தட்டையான தரை என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு ஓடுகிறது. தரையோடு ஒட்டிய ஷூ சரியான இடத்தில் விழும். உயர்ந்து நிற்கிற உடம்பு, கேமராவுக்கு எதிர்ப்பக்கமாக நிழல்போல நீண்டு விழும். முன் கேமரா என் உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தது. அந்தப் பகுதியில் நாங்கள் காட்டியது பக்கக் கேமராவின் படத்தை. பக்கக் கேமரா என்னை முன்பக்கம் சாய்த்தது. அங்கே காட்டியதோ முன் கேமராவின் படத்தை. இரண்டு கேமராவும் என்னைப் பார்த்தன. ஒட்டுக்கோட்டில் இரண்டுமே என்னை வெட்டிப்போட்டன. வெட்டாமல் கலந்து பார்த்தோம். ஒரு ஆளுக்கு இரண்டு ஆவி வந்தது.

இதைத்தான் உங்கள் கைடு 'பழைய ஜியோமெட்ரி' என்கிறாரா? அவருக்கு ஒரு கணக்கு கொடுங்கள். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம், ஃபோகல் லெங்த் (படம் எவ்வளவு பெரிதாக விழும் என்ற அளவு) 1000 பிக்சல். 50 மீட்டர் தள்ளியிருக்கும் தரைப்புள்ளி தொடுவானக் கோட்டுக்கு வெறும் 30 பிக்சல் கீழே இருக்கும். இப்போது பிரேக் போடுங்கள். காரின் மூக்கு ஒரு டிகிரி தாழ்கிறது. படத்தில் எல்லாமே 17 பிக்சல் சொச்சம் மேலே ஏறும். கணக்குக்கு அது தெரியாவிட்டால், 50 மீட்டரில் இருக்கும் வண்டியை ஏறக்குறைய 120 மீட்டரில் கொண்டுபோய் வைக்கும். பிரேக் போடுகிற நேரத்தில், தம்பி! கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் இதை மறக்கமாட்டார்.

நெட்வொர்க் இதையெல்லாம் நன்றாகவே சமாளிக்கிறது, மறுக்கவில்லை. 2020-இல் ஆய்வாளர்கள் ஜோனா ஃபிலியனும் சான்யா ஃபிட்லரும் வெளியிட்ட 'லிஃப்ட், ஸ்ப்ளாட், ஷூட்' முறையில், ஒரு பிக்சலுக்கு ஒரே தூரம் என்று அடித்துச் சொல்வதில்லை. நாலு மீட்டரில் தொடங்கி மீட்டருக்கு ஒன்றாக 41 தூரங்களுக்கும் தனித்தனி வாய்ப்பு கொடுத்து, அந்த விகிதப்படி மேல்படத்தில் தூவுகிறார்கள். 2022-இல் வந்த பெவ்ஃபார்மர் என்ற நெட்வொர்க் இதைத் திருப்பிப் போட்டது. மேல்படத்தின் ஒவ்வொரு கட்டமும் 'என்னைப் பார்த்தது யார்' என்று கேமராக்களைப் போய்க் கேட்கிறது. கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற ஜியோமெட்ரி இரண்டுக்குமே வேண்டும். உங்கள் கைடு அதைப் பார்க்கவில்லை போல.

லைடார் சண்டைக்கு நான் வரவில்லை. எதிர்காலம் பற்றி ஜோசியரிடம் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மேலே எந்தக் கேமராவும் இல்லை, எம். ஆறும் காரில்தான் இருக்கின்றன. முன்னால் ஒரு லாரி நின்றால் அதற்குப் பின்னால் இருப்பது ஆறில் ஒன்றுக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் லாரிக்குப் பின்னால் சாலை பளிச்சென்று காலியாகக் கிடக்கிறது! யார் பார்த்தது? பயிற்சிக்குக் கொடுக்கும் விடைத்தாளில் சாலையின் வடிவம் வரைபடத்திலிருந்து வருகிறது. லாரி மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் அங்கே சாலை என்று எழுதியிருக்கும். நெட்வொர்க் அதை மனப்பாடம் பண்ணிக்கொள்கிறது. சாலை இருக்கிறது என்பது பெரும்பாலும் சரியான ஊகம்தான். அந்தச் சாலையில் யாரும் இல்லை என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்?

'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. 1985-இல் ரோபோ ஆய்வாளர்கள் மொராவெக்கும் எல்ஃபெஸும் வெறும் ஒலியலை சென்சாரை வைத்து ரோபோவுக்குத் தரைப்படம் போட்டபோதே காலி, நிரம்பியது, தெரியாது என்று பிரித்துத்தான் வைத்தார்கள். நமக்கு ஆறு கேமராவும் இவ்வளவு கணினியும் கிடைத்தபிறகு மூன்றாவதை விட்டுவிட்டுப் படத்துக்கு அழகழகாக நிறம் கொடுக்கிறோம். எனக்கு எரிச்சலாக வருகிறது. உங்கள் மீது மட்டுமில்லை. அன்று அந்தத் திரையில் என் ஷூவுக்கு மேலே ஒரு சாம்பல் நிறத் திட்டு இருந்திருந்தால்கூட, நண்பர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். தாண்டக் கூடாது. ஒரு கேமரா, தரையில் நான்கு புள்ளி போதும். அதை வைத்து மேல்படம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். அப்புறம் அந்தத் தரையில் ஒரு நாற்காலியைப் போட்டு, என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.